மழைநீர் எங்கே போகிறது? டர்பனை வைத்துப் பசுமை நகரமைப்புக்கு ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரமான டர்பனில் இப்போதெல்லாம் 'பசுமை' என்ற அடைமொழி ஒட்டாத கட்டுமான விளம்பரத்தைப் பார்ப்பதே அரிது. வணிக வளாகத்தின் வாசலில் நான்கு பனைமரங்களை நட்டால் பசுமை. அடுக்குமாடிக் கூரையில் சூரியத் தகடு பதித்தால் பசுமை. சாலை நடுவே புல் விரித்தால் அதுவும் பசுமை. கல்யாண மண்டபத்திலோ கோயில் சாப்பாட்டுக் கூடத்திலோ இந்தப் பேச்சு எழுந்தால், இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. மற்றொன்று, இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, முனிசிபாலிட்டி முதலில் வாய்க்காலைத் தூர்வாரட்டும் என்று எரிந்து விழுகிறது. கோபம் இருந்தாலும் இரண்டாவது கட்சிதான் உண்மைக்குச் சற்று அருகில் நிற்கிறது என்பது என் எண்ணம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நகரம் எழுவதற்கு முன்பு அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. மழையை உறிஞ்சியது, ஓடும் நீரை மெதுவாக்கியது, வெயிலின் சூட்டைத் தணித்தது, மண்ணைப் பிடித்து வைத்தது. கான்கிரீட்டும் தாரும் பரவியபோது அந்த வேலைகள் நின்றுபோயின. அவற்றை நிலத்திடமே திருப்பி ஒப்படைக்கும்படி சாலை, கூரை, வாய்க்கால், பூங்கா எல்லாவற்றையும் மறுபடி வடிவமைப்பதுதான் பசுமை நகரமைப்பு. மரம் அதில் ஒரு கருவி மட்டுமே. வெப்பம், காற்று, போக்குவரத்து, மின்சாரம் என்று இதற்குப் பல கிளைகள் உண்டு. நான் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியே பேசப் போகிறேன். டர்பன்காரர்களுக்கு அதுதான் உறைக்கும்.

ஒரு கூரை, ஒரு மழை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் நூறு சதுர மீட்டர் கூரை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், கூரையில் மட்டும் 5,000 லிட்டர் விழுகிறது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தின் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைய கணக்கில் அதே கூரையில் 30,000 லிட்டர். டர்பனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தத் தண்ணீர் எங்கே போகும்? பாடப்புத்தகங்களில் அடிக்கடி காட்டப்படும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. இயற்கையாக விடப்பட்ட நிலத்தில் பெய்யும் மழையில் பாதி மண்ணுக்குள் இறங்கும். ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு செடிகொடிகள் வழியாகவும் நேரடியாகவும் ஆவியாகும். பத்தில் ஒரு பங்கே தரைமேல் வழிந்தோடும். இப்படி வழிந்தோடும் பங்குக்கு ஓடுநீர் என்று பெயர். நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் கூரையும் தாரும் மூடிவிட்டால், ஓடுநீர் பாதியைத் தாண்டிவிடும். மழை கூடவில்லை, ஓடுகிற பங்குதான் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

சாட்ஸ்வொர்த்தின் பழைய இரட்டை வீடுகளில் முதலில் முற்றம் என்று ஒன்று இருந்தது. கறிவேப்பிலை, பப்பாளி, கொஞ்சம் முருங்கை. பிறகு கார் வந்தது, பின்கட்டு வந்தது, வாடகைக்கு ஓர் அறை வந்தது. மண் தெரிந்த இடமெல்லாம் சிமெண்ட் ஆயிற்று. யாரையும் குறை சொல்வதற்கில்லை; குடும்பம் பெருகும்போது வேறெங்கே போவது? ஆனால் ஒரு தெரு முழுக்க இப்படி ஆனபோது, தெருக்கோடியில் இருந்த பழைய மழைநீர்க் குழாயின் அகலம் மட்டும் அப்படியே இருந்தது.

காவடிக் கூட்டமும் வெள்ளமும்

வெள்ளத்தைப் பற்றிய பெரிய தவறான எண்ணம், அது தண்ணீரின் அளவைப் பொறுத்தது என்பது. அளவைவிட நேரம் முக்கியம்.

தைப்பூசக் காவடியன்று கோயிலில் பத்தாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் ஒரே கணத்தில் ஒரே வாசலுக்குப் பாய்ந்தால் நெரிசலில் உயிர் போகும். அதே பத்தாயிரம் பேரில் சிலர் பிரகாரத்தைச் சுற்றி, சிலர் அன்னதானத்தில் உட்கார்ந்து, சிலர் மர நிழலில் அத்தையிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டு மூன்று மணி நேரத்தில் கலைந்தால், அதே வாசல் தாராளமாகப் போதும். ஆட்களின் எண்ணிக்கை மாறவில்லை. வாசலும் மாறவில்லை.

ஒரு மழையின்போது ஆற்றிலோ வாய்க்காலிலோ ஒரு வினாடிக்குப் பாயும் நீரின் உச்ச அளவை உச்ச ஓட்டம் என்பார்கள். கரையை உடைப்பதும் பாலத்தை அடித்துச் செல்வதும் இதுதான். மண், புல், ஈரநிலம், வளைந்து செல்லும் ஓடை எல்லாம் நீரை அங்கங்கே உட்கார வைத்து அனுப்புகின்றன. தார்ச்சாலையும் நேரான கான்கிரீட் வாய்க்காலும் எல்லா நீரையும் ஒரே நேரத்தில் வாசலுக்குத் தள்ளுகின்றன. பசுமை நகரமைப்பின் பெரும்பகுதி வேலை, நீரைத் தாமதப்படுத்துவதுதான். சாலையோரத்தில் சற்றுத் தாழ்வாக அமைத்துச் செடி வைத்த பள்ளம், நீர் இறங்கும் இடைவெளி விட்டுப் பதித்த கல்தளம், மழை நாளில் மட்டும் குளமாகும் விளையாட்டுத் திடல் ஆகியவை எல்லாம் இதன் உறுப்பினர்கள். பெரிதாகக் கட்டுவோர், கட்டிய பிறகும் தங்கள் மனையிலிருந்து வெளியேறும் உச்ச ஓட்டம் முன்பிருந்ததைவிடக் கூடாதபடி தேக்கிவைத்து விட வேண்டும் என்ற விதி பல நகரங்களில் இருக்கிறது, டர்பனிலும் இருக்கிறது. கடைப்பிடிக்கிறார்களா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இதுவரை பார்த்தது: தரை மூடப்பட்டால் ஓடுநீர் பெருகும், அது ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் உச்ச ஓட்டம் எகிறும். வடிவமைப்பு செய்வது, நீரை ஆங்காங்கே நிறுத்தி அனுப்புவது.

மேட்டில் பெய்தது பள்ளத்தில் தெரியும்

ஓர் ஆற்றுக்கு எந்தெந்த இடங்களிலிருந்து மழைநீர் வடிந்து வருகிறதோ அந்த மொத்தப் பரப்புக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர். நகராட்சி வார்டு எல்லைகளை அது மதிப்பதில்லை.

பால்மியட் ஆறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பைன்டவுன் பக்கம் தொடங்கி, வெஸ்ட்வில்லின் பெரிய வீடுகளையும் கடைகளையும் கடந்து, நம்மவர்கள் நிறைய வாழும் ரிசர்வாயர் ஹில்ஸ் அடிவாரம் வழியாக வந்து, குவாரி ரோடு வெஸ்ட் என்ற தகரக் குடிசைப் பகுதியைத் தொட்டு, உம்கெனி ஆற்றில் கலக்கிறது. மேலே ஒருவர் தன் வண்டிப் பாதையைச் செங்கல் பதித்து மூடும்போது, கீழே யாரோ ஒருவரின் படுக்கையறைக்குள் தண்ணீர் ஓர் அங்குலம் ஏறுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். நகரத்தின் சுற்றுச்சூழல் பேச்சு நியாயத்தைப் பற்றிய பேச்சாக மாறும் இடம் இதுதான்.

குவாரி ரோடு வெஸ்டில் ஒரு காரியம் உருப்படியாக நடந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நகராட்சியும் குடியிருப்பு மக்களும் சேர்ந்து வாட்ஸ்அப் வழியாக இயங்கும் ஒரு வெள்ள எச்சரிக்கை முறையை அமைத்தார்கள். மேலே ஆறு ஏறும்போதே கீழே செய்தி வந்துவிடும். 2022 வெள்ளத்தில் ஏராளமான குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆனால் எச்சரிக்கை வந்ததால் மக்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள். ஒரு செடிகூட நடாமல் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டையும் நான் பசுமை நகரமைப்பில்தான் சேர்ப்பேன்.

ஆற்றுக்கு உரிய இடம்

ஆற்றின் இருபுறமும் பெருக்கு வரும்போது மட்டும் நீர் பரவும் தாழ்நிலம் உண்டு. அதை வெள்ளச் சமவெளி என்கிறோம். வண்டல் படிந்த வளமான மண், சமமான தரை, பக்கத்திலேயே தண்ணீர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து, அந்தக் காலம் முடிந்த நம் முன்னோர்கள் காய்கறி பயிரிடத் தேடிப் போன இடம் இதுவே. வேறு நல்ல நிலம் அவர்கள் கைக்கு எட்டவில்லை என்பதும் உண்மை.

விலையும் கொடுத்தார்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த கோயில் 1905 வெள்ளத்தில் போயிற்று. இன்று கேட்டோ மேனரில் பெல்லேர் சாலையில் நாம் வணங்கும் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் 1947இல் மறுபடி கட்டப்பட்டது. 1917 அக்டோபரில் உம்கெனி பெருகி ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தை மூழ்கடித்தபோது, மாரிமுத்து படவட்டன் தலைமையில் ஆறு மீனவர்கள் படகைச் செலுத்தி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். இந்தக் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வீரத்தைக் கொண்டாடுகிறோம், சரி. அவ்வளவு பேர் ஏன் அந்தத் தாழ்நிலத்தில் வாழ வேண்டியிருந்தது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. இன்று அதே ஸ்பிரிங்ஃபீல்டில் கிடங்குகளும் பெரிய கடைகளும் நிற்கின்றன.

பிறகு, ஒவ்வோர் இனமும் தனக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற 1950இன் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கிளேர்வுட்டிலிருந்தும் குடும்பங்களைப் பிடுங்கி, 1960களில் உம்லாத்துசானா, உம்லாஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட மேடுபள்ளத்தில் சாட்ஸ்வொர்த்தை உருவாக்கினார்கள். எங்கே நீர் வடியும், எங்கே மண் சரியும் என்று பார்த்து அமைத்த நகரமைப்பு அல்ல அது. எந்த இனத்தை எதற்கு அப்பால் நிறுத்துவது என்று பார்த்து அமைத்தது. டர்பனில் நகரத்தை மீட்டெடுப்பது என்று பேசும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

2022 வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, பல மாதங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற அறிவியலாளர் குழு அந்த மழையை ஆராய்ந்து ஒரு முடிவு சொன்னது. முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க மழை, புவி வெப்பமடைந்த இன்றைய நிலையில் 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதாகிவிட்டது. '20 ஆண்டுக்கு ஒருமுறை' என்பதைப் பலர் 'இனி 2042இல்தான்' என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வோர் ஆண்டும் இருபதில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம்.

வாய்க்காலை மறுபடி ஆறாக்குவது

இருபதாம் நூற்றாண்டின் பொறியியல் ஆற்றைக் கண்டாலே நேராக்கி, கான்கிரீட் பூசி, கடலுக்கு விரட்டியது. உம்பிலோவும் உம்லாத்துசானாவும் கடைசித் தூரத்தை வாய்க்காலாகக் கடந்து துறைமுகத்தில் விழுகின்றன. டர்பன் விரிகுடாவைச் சுற்றி ஒருகாலத்தில் பரவியிருந்த சதுப்புநிலக் காடுகளில் இன்று பேஹெட் பக்கம் ஒரு துண்டுதான் மிச்சம்.

சிங்கப்பூர் இதைத் திருப்பிச் செய்து காட்டியது. பிஷான் பூங்கா ஓரம் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டில் ஓடிய கான்கிரீட் வாய்க்காலை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். நீளமும் வளைவும் கூடினால் வேகம் குறையும். பெருமழை வந்தால் பூங்காவின் புல்வெளியே வெள்ளச் சமவெளியாகிவிடும். மற்ற நாட்களில் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள். தென் கொரியாவின் சியோலில் ஒரு மேம்பாலச் சாலையை இடித்து 2005இல் சோங்கேசோன் ஓடையை வெளியே கொண்டுவந்ததும் உலகப் புகழ் பெற்றது. அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து இறைக்கப்படுகிறது என்பதைப் புகழ்பவர்கள் சொல்வதில்லை. அழகான பொதுவிடம், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றை மீட்டது என்பதைவிட நீர்ப்பூங்கா அமைத்தது என்பது பொருத்தம்.

டர்பனிடம் சிங்கப்பூரின் பணம் இல்லை. அதனால் இங்கே வந்த யோசனைகள் வேறு மாதிரி, என் பார்வையில் சில விதங்களில் மேலானவை. சிஹ்லன்சிம்வெலோ என்ற நகராட்சித் திட்டத்தில், உம்லாசி, குவாமாஷு, இனாண்டா போன்ற பகுதிகளின் ஓடைகளைப் பராமரிக்க அந்தந்த ஊர்க் கூட்டுறவுக் குழுக்களுக்கே ஊதியம் தரப்படுகிறது. குப்பையும் புதரும் சாலையடிக் குழாயின் வாயை அடைத்தால், எவ்வளவு பெரிய குழாயும் சுவருக்குச் சமம். 'முதலில் தூர்வாரட்டும்' என்ற கட்சி சொன்னது இங்கேதான் பலிக்கிறது.

வெருளம் அருகே பஃபெல்ஸ்ட்ராய் குப்பைக் கிடங்கைச் சுற்றி இருந்த பழைய கரும்பு நிலத்தில், 2008 முதல் காட்டை மீண்டும் வளர்த்துவருகிறார்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் கரிம வெளியேற்றத்தை ஓரளவு ஈடுகட்டுவதற்காகத் தொடங்கியது. பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டிலேயே நாட்டு மரக் கன்றுகளை வளர்த்துக் கொடுத்து, பதிலுக்கு உணவுப் பொருளும் பிற தேவைகளும் பெற்றுக்கொண்டார்கள். நம் பாட்டனார்கள் கரும்பு வெட்டிய மண்ணுக்கு இப்படியும் ஒரு மறுவாழ்வு.

சுருக்கமாக: ஆறு பரவும் இடத்தில் கட்டாதிருப்பது முதல் பாதுகாப்பு. ஆற்றை வளையவிடுவதும் ஓடையைச் சுத்தமாக வைப்பதும் அடுத்தது.

வெப்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை

தாரும் கான்கிரீட்டும் பகலில் சூட்டை வாங்கிவைத்து இரவில் விடுவதால் நகர மையம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதற்கு நகர வெப்பத் தீவு என்று பெயர். இலைகள் நீரை ஆவியாக்கும்போது சூடு தணிகிறது. வெளிர் நிறக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. டர்பன் நகராட்சி தன் அலுவலகக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் செடி வளர்த்துச் சோதித்துப் பார்த்தது. கூரைத் தோட்டம் சூட்டைக் குறைப்பதோடு மழையின் முதல் பகுதியைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஏற்பாடு இரண்டு வேலை.

யாருக்காக மீட்கிறோம்?

ஓரிடம் அழகானதும் வாடகை ஏறுகிறது, ஏறியதும் பழையவர்கள் வெளியேறுகிறார்கள். இது உலகம் முழுவதும் நடக்கிறது. டர்பன் மையத்தில் உள்ள வார்விக் சந்திப்பில் இது வேறு வேடத்தில் வந்தது. தலைமுறைகளாக இந்தியக் குடும்பங்கள் காய்கறி விற்கும் அதிகாலைச் சந்தையை அகற்றிவிட்டு அங்கே வணிக வளாகம் கட்ட, உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டு நகராட்சி முனைந்தது. இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது, திட்டம் நின்றது. பஸ்ஸிலும் மினிபஸ் டாக்சியிலும் வந்து இறங்குபவர்கள் காரில்லாமல் கீரையும் பூசணியும் வாங்கிச் செல்லும் சந்தை அது. கார் நிறுத்துமிடம் வைத்த கட்டடத்தை அதன் இடத்தில் எழுப்பி, கூரையில் புல் வளர்த்திருந்தாலும் அதை நான் சுற்றுச்சூழல் முன்னேற்றம் என்று ஒப்பியிருக்க மாட்டேன்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

'மழைநீர் பிடிக்க ஒரு ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தொட்டி) வைத்துவிட்டோம், எங்கள் பங்கு முடிந்தது' என்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கே பதில். 5,000 லிட்டர் டேங்க், நூறு சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழைக்கு நிரம்பிவிடும். 2022 மழையில் ஆறில் ஒரு பங்கைத்தான் பிடித்திருக்கும். அதுவும் முன்கூட்டியே காலியாக இருந்திருந்தால். இங்கே ஒரு முரண் இருக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு டேங்க் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைக் குறைக்கக் காலியாக இருக்க வேண்டும். பெருமழை வருகிறது என்று வானிலை அறிவிப்பு வந்தால் முந்தின நாளே பாதியைத் திறந்துவிடுவது நடைமுறைக்கு ஒத்த சமரசம். பெருவெள்ளத்தை அது நிறுத்தாது. சாதாரண மழைகளில் தெருக் குழாயின் சுமையைக் குறைக்கும், அவ்வளவே.

சிமெண்ட் போட்ட முற்றத்தில் வண்டிச் சக்கரம் படும் இரண்டு பட்டைகளை விட்டுவிட்டு நடுவில் மண்ணைத் திறந்தாலே ஓடுநீர் குறையும். இதில் ஓர் எச்சரிக்கை. தண்ணீரை மண்ணுக்குள் விடுவது எங்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. டர்பனின் மேடுகளில் பெரேயா சிவப்பு மணல் என்ற மண் இருக்கிறது. காய்ந்தால் கெட்டியாக நிற்கும். ஊறிவிட்டால் பிடி தளர்ந்து சரியும். 2022இல் பல வீடுகள் ஆற்று நீரால் அல்ல, இந்தச் சரிவால்தான் போயின. சரிவான மனையில், தடுப்புச்சுவருக்குப் பின்னால், ஊறுகுழி தோண்டுவது ஆபத்து. அங்கே செய்ய வேண்டியது நேர்மாறானது: நீரைக் குழாயில் பிடித்துப் பத்திரமாகக் கீழே இறக்க வேண்டும்.

சரிவில் வேர் ஆழமாக இறங்கும் நாட்டுப் புல்லும் மரமும் நல்லவை. வேப்பிலை கிடைக்காத இடத்தில் அம்மை கண்டால் நம் வீடுகளில் ஒடித்துவரும் சிரிங்கா, வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; ஆனால் இங்கே நாட்டு மரங்களை நெருக்கித் தள்ளும் அந்நிய மரங்களின் அரசுப் பட்டியலில் அது இருக்கிறது. இருக்கும் மரத்தை இன்றே வெட்டச் சொல்லவில்லை. ஓடைக் கரையில் முளைக்கும் கன்றுகளையாவது பிடுங்கிவிடலாம். பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்பிவிடுகின்றன.

டேங்க் நிரம்பினால் வழியும் குழாய் எங்கே பார்த்து நிற்கிறது என்பதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அது பக்கத்து வீட்டுத் தடுப்புச்சுவரின் அடியைப் பார்த்துத்தான் இருக்கிறது. இரண்டு வளைவுக் குழாயும் ஒரு பிற்பகலும் செலவழித்தால், அதைத் தெரு மழைநீர் வடிகாலை நோக்கித் திருப்பிவிடலாம்; கழிவுநீர்க் குழாயில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், மழை நாளில் அது பொங்கி உங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும்.